22-இல் 6 போனால் 16

1965-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி டொராண்டோவில் நடந்த கனடியக் கால்பந்தின் கிரே கோப்பை இறுதி ஆட்டத்தில் ஹாமில்டன் அணி 22 புள்ளிகளும் வினிபெக் அணி 16 புள்ளிகளும் எடுத்தன. ஹாமில்டன் எடுத்த 22-இல் 6 புள்ளிகள் வினிபெக் அணியே தன் கையால் எடுத்துக் கொடுத்தவை. ஒரு முறைக்கு இரண்டு புள்ளி வீதம் மூன்று முறை, வேண்டுமென்றே, பயிற்சியாளரின் முடிவின்படி கொடுத்தார்கள். கொடுத்ததும் ஆறு, தோற்றதும் ஆறு என்பதால் அந்தப் பயிற்சியாளரின் முடிவு இன்றுவரை பேச்சில் இருக்கிறது. அந்த நாளில் காரணமாக நின்றது காற்று. ஆகவேதான் கனடாவைக் கண்ணால் கண்டிராத, ஆரல்வாய்மொழியில் பிறந்து வளர்ந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலை பார்க்கும் நான் இதைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

இந்த ஆட்டத்தை எனக்கு அறிமுகப்படுத்தியவன் என் அக்காள் மகன். ஹாமில்டனில் வேலை பார்க்கிறான். போன வருடம் ஒரு நாள் தொலைபேசியில், "மாமா, இன்னைக்கு இங்க எண்பது கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிக்குன்னு எல்லாரும் பயந்துகிட்டு கெடக்காங்க" என்றான். "எண்பதா, அது இங்க ஆடி மாசத்துல அப்பப்ப அடிக்கிறதுதானே மக்கா" என்றேன். அதற்குப் பதிலாகத்தான், அவன் அலுவலகத்து மூத்தவர் ஒருவர் சொன்ன 'காற்றுக் கோப்பை' கதையை என்னிடம் சொன்னான். அன்றைக்கும் காற்று மணிக்கு 80 கிலோமீட்டர் வரை வீசியதாகச் சொல்லப்படுகிறது. எங்கள் தொழில் கணக்கில் அது விநாடிக்கு 22 மீட்டர். பெரும்பாலான காற்றாலைகள் விநாடிக்கு 25 மீட்டரைத் தொட்டதும் தாமாகவே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. காற்றையே தின்று பிழைக்கும் இயந்திரம், போதும் என்று கைவிடும் எல்லைக்குச் சற்றுக் கீழே, 24 பேர் ஒரு முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு அறுபது நிமிடம் ஆடியிருக்கிறார்கள்.

கால்பந்து என்றால் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆகிய கடற்கரை ஊர்களில் காலால் உதைத்து ஆடும் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். கனடியக் கால்பந்து அந்த ஆட்டம் அன்று. அமெரிக்கக் கால்பந்தின் தாயாதி என்று வைத்துக்கொள்ளலாம். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம், உதைக்கவும் செய்யலாம். அணிக்கு 12 பேர். மைதானத்தின் நீளம் 110 கஜம், அதாவது ஏறக்குறைய 100 மீட்டர். அதற்கு அப்பால் இரு முனைகளிலும் கோல் கோட்டுக்குப் பின்னே ஆழமான எல்லைப் பகுதிகள் உண்டு. பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 கஜம் முன்னேற மூன்று வாய்ப்புகள் தரப்படும். அமெரிக்காவில் இது நான்கு. இரண்டு வாய்ப்புகளில் காரியம் நடக்கவில்லை என்றால், மூன்றாவதில் பந்தை எதிரணியின் பக்கம் தொலைவாக உதைத்துத் தள்ளிவிடுவதே வழக்கம். எதிரிக்குப் பந்து கிடைத்தாலும் நம் வாசற்படியில் கிடைக்கக் கூடாது என்பதுதான் அந்த உதையின் நோக்கம். வாய்ப்பு ஒன்று குறைவு என்பதால் கனடிய ஆட்டத்தில் உதை அடிக்கடி வரும். உதை அடிக்கடி வரும் ஆட்டத்தில் காற்றுக்குச் செல்வாக்கு அதிகம்.

எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச்டவுன், ஆறு புள்ளி. அதன் பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக ஒன்று. ஆட்டத்தின் நடுவே அப்படி உதைத்து எடுக்கும் கோலுக்கு மூன்று. இனி நம் கதைக்கு வேண்டிய விதி ஒன்று இருக்கிறது: ஓர் அணி தன் சொந்த எல்லைப் பகுதிக்குள்ளேயே பந்தோடு அகப்பட்டுக்கொண்டால், அல்லது பந்தைக் கையில் வைத்தபடியே அங்கிருந்து மைதானத்துக்கு வெளியே போய்விட்டால், எதிரணிக்கு இரண்டு புள்ளி. இதற்குச் சேஃப்டி என்று பெயர். புள்ளியைக் கொடுத்தவனுக்குப் பாதுகாப்பு என்று ஒரு விளையாட்டு பெயர் வைத்திருப்பது எனக்கு முதலில் கேலியாகப் பட்டது. பிறகு யோசித்துப் பார்த்தால், அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

அந்த 1965 பருவத்தில் லீக்கில் ஒன்பது அணிகள் இருந்தன. மேற்குப் பிரிவின் ஐந்து அணிகள் தலா 16 ஆட்டங்களும் கிழக்குப் பிரிவின் நான்கு அணிகள் தலா 14 ஆட்டங்களும் ஆடின. ஒரே கோப்பைக்குப் போட்டியிடுபவர்கள் வெவ்வேறு எண்ணிக்கையில் ஆடுவது விநோதம்தான். சஸ்காச்சுவான் அணியின் ஜார்ஜ் ரீட் அந்தப் பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மேற்கில் கால்கரி முதலிடத்தில் முடித்தது. இரண்டாவதாக வந்த வினிபெக், மூன்று ஆட்டத் தொடரில் முதல் ஆட்டத்தைக் கால்கரியிடம் இழந்து, அடுத்த இரண்டையும் வென்று இறுதிக்கு வந்தது. கிழக்கில் ஹாமில்டன் அணி ஒட்டாவாவை வீழ்த்தி வந்தது.

இந்த இரண்டு அணிகளும் ஒன்றுக்கொன்று புதியவை அல்ல. 1957, 1958, 1959, 1961, 1962 ஆகிய ஆண்டுகளிலும் இதே இரண்டு அணிகள்தாம் இறுதியில் மோதியிருந்தன. முதலாவதை ஹாமில்டன் வென்றது, மற்ற நான்கையும் வினிபெக் வென்றது. அந்த நான்கு வெற்றிகளின்போதும், 1965-இலும், வினிபெக்கின் பயிற்சியாளர் பட் கிராண்ட். ஹாமில்டனின் பயிற்சியாளர் ரால்ஃப் சாசியோ. வினிபெக்கில் கென் பிளோயன் பந்தெறிந்தார். ஹாமில்டனில் ஜோ சூகர். சூகர் பந்தெறிபவர் மட்டுமல்லர், அணிக்காகப் பந்தை உதைப்பவரும் அவரே. காற்று நாளில் ஓர் அணியின் கையும் காலும் ஒரே ஆளிடம் இருப்பது எத்தகைய வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டம் நடந்த மைதானம் டொராண்டோவின் கண்காட்சித் திடலில், ஒன்டாரியோ ஏரியின் கரையை ஒட்டி இருந்தது. ஏரி என்றதும் நம் பூதப்பாண்டிப் பக்கத்துக் குளங்களை நினைத்துக்கொள்ளக் கூடாது. அக்கரை தெரியாத நீர்ப்பரப்பு அது, கடல் என்றே வைத்துக்கொள்ளலாம். அந்த ஏரி இறுதி ஆட்டங்களில் தலையிடுவதும் அது முதல் முறை அன்று. 1962-இல் இதே மைதானத்தில், இதே இரண்டு அணிகள் ஆடிக்கொண்டிருக்கும்போது மூடுபனி இறங்கி, மேலே போன பந்து எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாமல் போனது. கடைசிக் கால்பகுதியில் 9 நிமிடம் 29 விநாடி மீதமிருக்கையில் ஆட்டத்தை நிறுத்தி, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மீதியை ஆடினார்கள். மறுநாள் ஒரு புள்ளிகூட யாரும் எடுக்காமல், வினிபெக் 28-க்கு 27 என்று வென்றது. இரண்டு நாட்களாக நடந்த ஒரே கிரே கோப்பை ஆட்டம் அது. மூடுபனிக்கு ஆட்டத்தை நிறுத்தியவர்கள் 1965-இல் காற்றுக்கு நிறுத்தவில்லை. மூடுபனி இரு அணியையும் ஒருசேரக் குருடாக்கும். காற்றோ ஒருவனைத் தள்ளிவிட்டு இன்னொருவனைத் தடுக்கும். ஒவ்வொரு கால்பகுதி முடிந்ததும் அணிகள் பக்கம் மாறிக்கொள்வதால் காற்று இருவருக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது என்பது விதியின் கணக்கு.

பங்கு சமம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊரில் பள்ளி மாணவனாக இருந்தபோது நான் கோல் காத்தவன். மேற்குத் தொடர்ச்சி மலை தென்கோடியில் இடைவெளி விட்ட இடத்தில் எங்கள் கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவம் தொடங்கினால் மேற்கிலிருந்து வரும் காற்று அந்த வாய் வழியாகத்தான் நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே போக வேண்டும். எங்கள் மைதானமோ கிழக்கு மேற்காக நீண்டது. ஓர் ஆனி மாத மாலையில், தோவாளைப் பக்கத்திலிருந்து வந்த அணியோடு ஆடுகையில், காற்றுக்கு எதிரே நின்று நான் கோல் உதை அடித்தேன். பந்து உயரமாகப் போய், பெட்டிக் கோட்டைத் தாண்டி, அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு பின்வாங்கி வந்தது. நான் பின்னால் ஓடியும் எட்டவில்லை, என் தலைக்கு மேலாகப் போய் என் வலைக்குள்ளேயே விழுந்தது. நடுவர் கோல் என்று விசிலடித்தார். ஒன்றுக்குச் சுழி என்று தோற்றோம். பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது, விதிப்படி அது கோல் ஆகாது, எதிரணிக்கு மூலை உதை மட்டுமே கொடுத்திருக்க வேண்டும் என்பது. அந்த நடுவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு; இந்த இடத்தில் அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இந்த ஆனி மாதம் மருமகன் விடுமுறைக்கு வந்தபோது கனடியக் கால்பந்து ஒன்றை வாங்கி வந்தான். அக்காளுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்புத் தாங்கவில்லை, "இது என்னடே, காத்துப் போன பலாக்கொட்டை மாதிரி" என்றாள். மாலையில் இருவரும் அதே பழைய மைதானத்துக்குப் போனோம். வேலையிடத்துத் திரையில் அப்போது காற்று விநாடிக்கு 13 மீட்டர் காட்டியது. அந்த வேகத்தில் எங்களைக் கோபுரத்தில் ஏற விடமாட்டார்கள். அவன் இரு கைகளாலும் பந்தை நீட்டிப் பிடித்து, விட்டு, உதைத்தான். காற்றோடு உதைத்த பந்து நான் காலடி வைத்து அளந்ததில் 58 காலடித் தொலைவு போய் விழுந்து, மேலும் உருண்டு வேலிக்குள் போயிற்று. காற்றுக்கு எதிரே உதைத்தது 19. மூன்று முறை உதைத்துப் பார்த்தோம். மூன்றாவது முறை 14. பந்து கூர்முனையாக இருப்பதால், சுழற்சி சற்றுக் குலைந்தாலும் காற்று அதன் அகலமான வயிற்றில் முட்டி நிறுத்திவிடுகிறது. இன்னொன்றும் கவனித்தேன். உதைக்கும் முன்பே, கையிலிருந்து விடுபட்டுக் காலைத் தொடுவதற்குள்ளாகவே, பந்து ஒரு சாண் விலகிவிடுகிறது. தவறு காலில் நேர்வதில்லை, அந்த ஒரு சாண் இடைவெளியில் நேர்கிறது.

இப்போது பட் கிராண்டின் இடத்தில் நின்று பார்க்கலாம். உங்கள் அணி தன் சொந்தக் கோல் கோட்டுக்கு அருகே ஒடுங்கிக் கிடக்கிறது. காற்று முகத்தில் அடிக்கிறது. மூன்றாவது வாய்ப்பு வந்துவிட்டது, உதைத்தாக வேண்டும். வழக்கமான நாளில் 40 கஜம் போகும் பந்து இன்று 15 கஜத்திலோ 20 கஜத்திலோ விழும். அதற்குள்ளும் கை நழுவலாம், எதிரி பாய்ந்து மறிக்கலாம். எல்லாம் சரியாக நடந்தாலும் எதிரணி உங்கள் வாசலுக்கு 20 கஜத்தில் பந்தோடு நிற்கும், முதுகில் காற்றோடு. அங்கிருந்து குறைந்தது மூன்று புள்ளி, பெரும்பாலும் ஏழு. அதற்குப் பதிலாகப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே சேஃப்டி கொடுத்துவிட்டால் போவது இரண்டே புள்ளி. ஆட்டமும் கோல் கோட்டின் அடியிலிருந்து நடுப்பக்கம் நோக்கி நகர்ந்துவிடும். கால்பகுதி 15 நிமிடம்தான். அது முடிந்தால் காற்று உங்கள் பக்கம். அந்த 15 நிமிடத்தை மலிவான விலையில் கடத்திவிட வேண்டும் என்பதுதான் கிராண்ட் போட்ட கணக்கு. மூன்று முறை அந்த விலையைக் கொடுத்தார்.

மற்றபடி ஆட்டம் ஏறக்குறையச் சமமாகவே போயிருக்கிறது. இரு அணிகளும் தலா இரண்டு டச்டவுன் எடுத்தன. ஹாமில்டனுக்காகச் சூகர் எறிந்த பந்தைப் பிடித்து வில்லி பெத்தியா ஓடியது ஒன்று. வினிபெக்கின் பக்கம், 1962 மூடுபனி ஆட்டத்தின் நாயகனாகிய லியோ லூயிஸ் எடுத்தது ஒன்று. அந்தக் காற்றில் எறிந்த பந்து போய்ச் சேர்ந்ததே எனக்கு ஆச்சரியம். முடிவில் 22-க்கு 16.

உடனே எல்லோரும் கழித்தார்கள். 22-இல் 6 போனால் 16. ஆக, கொடுக்காமல் இருந்திருந்தால் ஆட்டம் சமன். கேட்க எளிதாக இருக்கிறது, மருமகனின் அலுவலகத்து மூத்தவரும் அறுபது ஆண்டுக்குப் பிறகு இதையேதான் சொல்கிறாராம். இந்தக் கழித்தல் தவறு என்பது என் எண்ணம். அந்த இரண்டு புள்ளிகளைக் கொடுக்காமல் உதைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற பக்கம் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. மூன்று உதைகளில் ஒன்று மட்டும் 14 கஜத்தில் விழுந்து, ஹாமில்டன் அதிலிருந்து ஒரு டச்டவுன் எடுத்திருந்தால், ஆறுக்குப் பதில் ஏழு போயிருக்கும். கொடுத்தது கணக்கில் ஏறுகிறது, கொடுத்ததால் தப்பியது எந்தப் பலகையிலும் ஏறுவதில்லை. மூன்றாவது முறை கொடுத்தபோது அவருக்கும் சற்றுத் தயக்கம் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்; இரண்டு என்பது மலிவு, ஆறு என்பது ஒரு டச்டவுனின் விலை. ஆனாலும் அந்த இடத்தில் நின்றால் நானும் அதையே செய்திருப்பேன்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு என் தொழில் ஒரு காரணம். காற்று எல்லை மீறும்போது காற்றாலையின் இறக்கைகள் தம் அகலத்தைத் திருப்பி, விளிம்பைக் காற்றுக்குக் காட்டி நின்றுவிடும். மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கக்கூடிய நேரத்தில் ஆலை சும்மா நிற்கிறதே என்று சாலையில் போகிறவர்கள் கேட்பார்கள். ஆனால் நான் இதை முதலில் பார்த்தது ஆலையில் அன்று, என் அப்பாவின் வாழைத் தோட்டத்தில்.

அப்பா தோவாளைக் கால்வாய்ப் பக்கம் குத்தகை நிலத்தில் வாழை போட்டிருந்தார். ஓர் ஆண்டு, குலை தள்ளி முற்றும் முன்பே காற்று வலுக்கத் தொடங்கியது. முட்டுக்கொடுக்கப் போதுமான கம்பு கிடைக்கவில்லை. ஒரு நாள் விடியற்காலை வெட்டுக்கத்தியோடு போனவர், மரத்துக்கு மூன்று நான்கு இலைகளை மட்டும் விட்டு, மீதியை எல்லாம் கழித்துத் தள்ளினார். இலை குறைந்தால் காற்றுக்குப் பிடிமானம் குறையும், மரம் சாயாது. ஆனால் காய் பருக்காது, குலையின் எடை குறையும் என்பதும் அவருக்குத் தெரியும். நானும் கூடப் போய் இலைகளை அள்ளி வரப்பில் போட்டேன். பாலும் கறையும் பட்டுச் சட்டை பாழானதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பக்கத்துத் தோட்டக்காரர் ஓர் இலையைக்கூட வெட்டவில்லை.

அந்த ஆண்டு பெருங்காற்று வரவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் பத்துப் பதினைந்து மரங்கள் சாய்ந்தன, மற்றவை நின்றன. அவருடைய குலைகள் நல்ல எடைக்குப் போயின. எங்களுடையவை மெலிந்த காய்கள். வியாபாரி தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வெட்டாம இருந்திருந்தா உனக்கும் இந்த வெல கெடச்சிருக்கும்லா" என்று பக்கத்துத் தோட்டக்காரர் அப்பாவிடம் அறுவடை முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா, "ஆமா அண்ணாச்சி" என்பதற்கு மேல் ஒன்றும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

மருமகனிடம் இதைச் சொன்னபோது, "தாத்தா அடுத்த வருஷம் என்ன செஞ்சாங்க மாமா?" என்று கேட்டான். அடுத்த வருடமும் ஆனி பிறப்பதற்கு முன்பே வெட்டுக்கத்தியைத் தீட்டினார் என்றேன். பதிலுக்கு நான் பட் கிராண்ட் என்ன ஆனார் என்று கேட்டேன். 1966 பருவம் வரை வினிபெக்கிலேயே இருந்துவிட்டு, 1967-இல் அமெரிக்காவின் மினசோட்டா அணிக்குப் போனாராம். அங்கே உறைபனி நாட்களிலும் தன் ஆட்டக்காரர்களுக்கு மைதான ஓரத்தில் கணப்பு வைக்க அவர் விட்டதில்லை என்பது பெயர் பெற்ற செய்தியாம். 2023-இல் இறந்தார். காற்று வீசிய அந்த மைதானத்தை 1999-இல் இடித்துவிட்டார்கள். அதே திடலில் இப்போது நிற்கும் அரங்கம் முதலில் நம் தூத்தூர்க்காரர்கள் ஆடும் கால்பந்துக்காகக் கட்டப்பட்டது. ஏரி அங்கேயேதான் இருக்கிறது என்றான் மருமகன்.